ரோந்து வண்டி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

வண்டி சுற்றிக்கொண்டே இருந்தால் திருடன் பயப்படுவான் என்பது போலீஸாரின் பழைய நம்பிக்கை. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1972-73ல் அதைச் சோதித்தார்கள். மொத்தம் 15 ரோந்துப் பகுதிகள். ஐந்தில் வழக்கமான ரோந்து. ஐந்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மீதி ஐந்தில் யாராவது கூப்பிட்டால்தான் வண்டி போகும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

உடனே 'ரோந்தே வீண்' என்று பலர் முடிவுகட்டியது அவசரம். ஊர் முழுக்கப் பரவலாகச் சுற்றுவதுதான் வீண். அமெரிக்காவின் இன்னொரு நகரமான மினியாபொலிஸில் போலீஸுக்கு வந்த ஓராண்டு அழைப்புகளை முகவரிவாரியாக எண்ணியபோது, சுமார் 3 சதவீத இடங்களிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. அப்படிப்பட்ட 110 இடங்களை 1988-89ல் குலுக்கல் முறையில் பிரித்து, 55க்கு மட்டும் கூடுதல் ரோந்து கொடுத்தார்கள். குற்ற அழைப்புகள் 6 முதல் 13 சதவீதம் வரை குறைந்தன.

அதே தரவிலிருந்து குற்றவியல் ஆய்வாளர் கிறிஸ்டோபர் கோப்பர் 1995ல் எடுத்துச் சொன்னதுதான் களத்தில் அதிகம் உதவுவது. சும்மா கடந்துபோனால் பலன் சொற்பம். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால், வண்டி கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் அமைதி நீடிக்கிறது. பதினைந்தைத் தாண்டினால் கூடுதல் லாபம் தேய்கிறது. ஆகவே 12-15 நிமிடம் நில்லுங்கள், இறங்கி நடங்கள், கடைக்காரரிடம் பேசுங்கள், கிளம்புங்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் திரும்புங்கள். ஆனால் கடிகாரம் வைத்தாற்போல் வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்பவனும் நேரத்தைக் கணக்குப் போடுவான்.

சொதப்புவது பெரும்பாலும், குற்றம் அதிகமுள்ள இடங்களைச் சிவப்பில் காட்டும் வரைபடத்தில்தான். நேரில் வந்து கொடுத்த புகார்களுக்கெல்லாம் ஸ்டேஷன் முகவரியையே பதிந்தால், ஊரிலேயே ஆபத்தான இடம் போலீஸ் ஸ்டேஷன் என்று வரைபடம் காட்டும்! அடிபட்டவர் சேர்ந்த ஆஸ்பத்திரியும் அப்படியே சிவக்கும். முதலில் அவற்றை நீக்கி, சம்பவம் நடந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு மாதப் பட்டியலை நம்பவும் கூடாது. தற்செயலாக ஏறிய எண் அடுத்த மாதம் தானே இறங்கும், குறைத்த பெயர் மட்டும் ரோந்துக்குப் போகும். குறைந்தது ஓராண்டுத் தரவை எடுத்து, கிழமை, மணி வாரியாகப் பிரியுங்கள். மதுக்கடை வாசலில் சனி இரவு 11 மணிக்கு நடக்கும் அடிதடிக்கு, செவ்வாய் காலை 10 மணிக்கு வண்டி நின்று என்ன பயன்?

இன்னொன்று, நின்ற நேரத்தை ஜிபிஎஸ் பதிவில் சரிபாருங்கள். நடுவில் அவசர அழைப்பு வந்து நாலே நிமிடத்தில் கிளம்பிய வண்டியும் ரோந்துக் குறிப்பில் 15 நிமிடம் என்றே இருக்கும்.