டெங்கி போயிடுச்சு, காய்ச்சல் மட்டும் போகல

எச்எல்எச்னு ஒரு நோய். முழுப்பேரு ஹீமோஃபாகோசைட்டிக் லிம்ஃபோஹிஸ்டியோசைட்டோசிஸ், எங்க வீட்ல இன்னும் யாருக்கும் அதை ஒரே மூச்சுல சொல்ல வரல. கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கிற எங்க மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, டெங்கிக்கு அப்புறம் இதுதான் வந்துச்சு.

டெங்கி காய்ச்சல் வழக்கமா ஒரு வாரத்துல இறங்கிடும்ல, இவருக்கு இறங்கவே இல்ல, பிளேட்லெட்டும் ஏறல, மண்ணீரல் வேற வீங்கிப் போச்சு. பப்பாளி இலைச் சாறு கொண்டு வராத சொந்தக்காரங்க கிடையாது லா. கடைசியில ஃபெரிட்டின்னு, இரும்புச்சத்தைச் சேமிக்கிற புரதத்தை அளக்கிற ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. எச்எல்எச் அளவுகோல்ல 500 தாண்டினாலே கணக்குல சேர்ப்பாங்க, டெங்கியிலயும் அது ஏறும்தான், ஆனா மாமாவுக்கு வந்தது அஞ்சு இலக்கத்துல.

கிருமி வந்தா சண்டை போட்டுட்டு அடங்க வேண்டிய நோய் எதிர்ப்பு செல்லுங்க இதுல அடங்காது, வீக்கத்தைக் கிளப்புற சைட்டோகைனைக் கொட்டிக்கிட்டே இருக்கும், கிருமியை முழுங்குற மேக்ரோஃபேஜ் செல்லுங்க நம்ம சொந்த ரத்த செல்லையே முழுங்க ஆரம்பிச்சிடும். சின்னப் பிள்ளைங்களுக்குப் பரம்பரையா வர்றது ஒரு வகை. பெரியவங்களுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒண்ணு தூண்டி விடும், லிம்ஃபோமாங்கிற நிணநீர்ப் புற்றுநோய், ஈபிவின்னு ஒரு வைரஸ், உடம்பு தன்னையே தாக்குற லூபஸ் நோய், நம்ம பக்கம் டெங்கியும்.

நான் எழுத வந்தது மூளையைப் பத்தி. இந்த செல்லுங்க கிளப்புற வீக்கம் மூளைக்கும் போகும், ஆனா 2004ல போட்ட அளவுகோல்ல இருக்கிற 8 விஷயத்துல மூளை கிடையாது, அதுல 5 இருந்தா எச்எல்எச்னு சொல்லுவாங்க, எனக்கு இது இன்னிக்கும் வியப்புதான். வலிப்பு, நடையில தள்ளாட்டம், முகம் ஒரு பக்கம் இழுக்கிறது, ஆளே குழம்பிப் போறதுன்னு எப்படி வேணா காட்டும். மாமா அக்காவை அவங்க அம்மா பேரு சொல்லிக் கூப்பிட்டாரு, வார்டு நர்ஸ்கிட்ட லோரி சாவி எங்கன்னு சண்டை போட்டாரு. காய்ச்சல்ல உளர்றாருன்னு ஒருத்தர், காத்து கருப்புன்னு ஒருத்தர், இந்த நோயை அடக்கக் கொடுக்கிற ஸ்டீராய்டால அப்படித்தான்னு இன்னொருத்தர். ஸ்டீராய்டு தூக்கத்தையும் மனசையும் கலைக்கும்கிறது உண்மைதான், அதனாலதான் இது இவ்வளவு சிக்கல். திருநீறு பூசட்டும், அதோட எம்ஆர்ஐயும் எடுக்கட்டும்னு அக்கா பிடிவாதமா நின்னாங்க.

முதுகுல ஊசி போட்டு தண்டுவட நீர் எடுக்கணும்னாலும் பிளேட்லெட் கம்மியா இருந்தா ரத்தக்கசிவு ஆகலாம், அதனால முதல்ல பிளேட்லெட் ஏத்திட்டு அப்புறம்தான் எடுத்தாங்க. அதுல புரதமும் வெள்ளை அணுவும் கூடியிருந்துச்சு. இருக்கிற ஸ்டீராய்டுல டெக்ஸாமெத்தசோனைத் தேடிப் பிடிக்கிறதுக்குக் காரணமே அது மூளைக்குள்ள நல்லா போகும்கிறதுதான், கூடவே எட்டோபொசைடுன்னு ஒரு கீமோ மருந்து, சிலருக்கு முதுகுத்தண்டு வழியாவே மெத்தோட்ரெக்சேட்னு இன்னொரு கீமோ மருந்தும் போடுவாங்க. மருத்துவம் நடக்கும்போதே பிரஷர் எகிறி, மூளையோட பின்பக்கம் வீங்கி வலிப்பு வர்றதும் உண்டு, அதுக்குப் பேரு பிரெஸ், அப்ப நோய் ஏறுதா மருந்து பண்ணுதான்னு டாக்டருங்களே யோசிக்கிறாங்க.

வீட்ல கூட இருக்கிறவங்க சொல்றதுக்கு இதுல ரொம்ப மதிப்பு இருக்கு. ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர் பாக்கிறது அஞ்சு நிமிஷம், அப்ப மாமா பேரு ஊரெல்லாம் கரெக்டா சொல்லிடுவாரு, ராத்திரி ஆனா வேற ஆளு. அக்கா எப்ப என்ன பேசினாரு, எந்தக் கை நடுங்குச்சுன்னு போன்ல குறிச்சு வச்சாங்க, நரம்பு டாக்டர் அதைத்தான் வாங்கிப் படிச்சாரு.

இப்ப வீட்லதான் இருக்காரு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறாங்க. ஆளுங்க பேரு வருது, போன் நம்பர்தான் மறந்து போகுது. வலிப்பு வந்தவரு டாக்டர் சொல்ற வரைக்கும் ஸ்டியரிங் தொடக்கூடாதுன்னு உத்தரவு, கிராப் டாக்சி புக் பண்ணித் தர்றேன் மாமான்னு சொன்னா என்கிட்டயே சண்டைக்கு வர்றாரு, இருபது வருஷமா லோரி ஓட்டினவன்டா நான்னு.