கூடைக்கு எத்தனை மணி நேரம்

மொரீஷியசில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் சம்பளப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2022 செப்டம்பரில் அதிலிருந்து விலகி, தாழை இனத்து வாக்வா மரத்தின் ஓலையில் பையும் கூடையும் முடைந்து விற்கத் தொடங்கினேன். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர்கள் இதைத் துணிச்சல் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேலையை விடுவதற்கு ஒரு கடிதமும் முப்பது நாள் முன்னறிவிப்புமே போதுமானவையாக இருந்தன. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம், ஒரு பைக்கு என்ன விலை சொல்வது என்று தெரியாமல் வாய்க்கு வந்த விலையைச் சொல்லிக்கொண்டிருந்தேனே, எழுத வேண்டியது அதைப் பற்றித்தான். அறுநூறு பேருடைய வேலை நேரத்தை நிமிடம் பிசகாமல் கணக்கிட்டுச் சம்பளம் போட்ட ஒருத்தி, தன்னுடைய நேரத்தை மட்டும் எந்த ஏட்டிலும் எழுதாமல் இருந்திருக்கிறாள்.

நான் பிறந்தது திசையன்விளைப் பக்கம். தேரி மண்ணில் பனைகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு ஓலை முடைவது பள்ளிக்கூடம் போய்க் கற்க வேண்டிய கலையாக இருந்ததில்லை. ஆச்சி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து ஓலையை வார்ந்துகொண்டே ஊர்க்கதை பேசுவாள். கதை முடிவதற்குள் மடியில் ஒரு பெட்டிக்கு அடி விழுந்திருக்கும். கருப்பட்டியும் அதில்தான் வந்தது, கல்யாண வீட்டுப் பலகாரமும் அதில்தான் போயிற்று. அந்தப் பெட்டிக்கு யாராவது கூலி கணக்கிட்டதாக எனக்கு நினைவில்லை.

திருமணமாகி 2008-இல் மொரீஷியசுக்கு வந்தபோது, புகுந்த வீடு இருந்த ஊரின் பெயரே வாக்வா. அது ஒரு மரத்தின் பெயர் என்பதை நெடுநாள் கழித்தே அறிந்துகொண்டேன். நம் கடற்கரைத் தாழையின் உறவுதான் அது. ஆனால் புதராகப் படராமல் நிமிர்ந்து மரமாக வளரும். அடியில் கூடாரக் கழிகளைப் போல விழுதுகள் ஊன்றியிருக்கும், உச்சியில் ஓலைகள் திருகுபடி போலச் சுற்றிச் சுற்றி அடுக்கியிருக்கும். ஓலையின் இரு ஓரத்திலும் நடு நரம்பின் அடியிலும் சிவந்த முட்கள். பனை மட்டையின் கருக்கு கிழித்த தழும்பு என் வலது கையில் இன்னும் இருக்கிறது; அதன் பக்கத்திலேயே வாக்வா முள் கிழித்த தழும்பும் இப்போது இருக்கிறது.

கணவருடைய பெரியம்மா ஒருவர் தெற்கே சூயாக் பக்கம் இருக்கிறார். ஒரு காலத்தில் இந்தத் தீவின் சர்க்கரை வாக்வா ஓலையில் முடைந்த சாக்குகளில்தான் கப்பலேறியது என்றும், சணல் சாக்கு வந்தபின் அந்த முடைச்சல் கூடையும் தொப்பியும் பாயுமாகச் சுருங்கிவிட்டது என்றும் முதலில் எனக்குச் சொன்னவர் அவர். எங்கள் ஊரில் கருப்பட்டிக்குப் பனையோலை, இங்கே சர்க்கரைக்கு வாக்வா ஓலை. இனிப்பைச் சுமக்க இரு கரையிலும் ஓலைதான் வேண்டியிருந்தது என்று எண்ணியபோது, அன்னிய ஊர் என்ற உணர்ச்சி எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

முடைச்சலில் நான் மறுபடியும் கை வைத்தது 2020 ஊரடங்கில். மார்ச்சில் எல்லாம் மூடப்பட்டு, ஏப்ரலில் பல்பொருள் அங்காடிகள் திறந்தபோது, குடும்பப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து இந்த எழுத்துக்கு இந்தக் கிழமை என்று முறை வைத்தார்கள். வாரத்தில் இரண்டே நாள். வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் ஒரே நடையில் வாங்கி வர வேண்டும். அப்போது பரணிலிருந்து அத்தை இறக்கிக் கொடுத்தது பெரியம்மா முடைந்த பழைய சந்தைப் பை. இங்கே அதைத் தாந்த் பாஸார் என்பார்கள். இருபது ஆண்டு பழையது, அரிசியும் பருப்பும் எண்ணெயுமாகப் பத்துக் கிலோவைத் தாங்கியது. வரிசையில் நின்றிருந்த இரண்டு பெண்கள் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். 2016 ஜனவரியிலேயே நெகிழிப் பைகளுக்குத் தடை வந்துவிட்ட நாடு இது. ஆனாலும் அந்த இடத்தைப் பிடித்தவை பெரும்பாலும் துணி போலத் தோற்றம் காட்டும் மெல்லிய செயற்கைப் பைகளும், கடல் கடந்து வரும் நார்க் கூடைகளுந்தான்.

ஊரடங்கு தளர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் க்யூர்பீப் போய் அங்கிருந்து சூயாக் பேருந்து பிடித்தேன். பெரியம்மா முதல் மூன்று வாரம் என்னை முடையவே விடவில்லை. ஓலை மட்டுந்தான். அடிச் சுற்றில் முற்றிய ஓலையாகப் பார்த்து அறுக்க வேண்டும். இளசானது காய்ந்ததும் சுருங்கி, முடைந்த பிறகு இடைவெளி விடும். ஓரங்களைக் கத்தியால் ஒரே இழுப்பில் சீவி, நடு நரம்பின் முள்ளையும் எடுத்துவிட்டு, ஒரே அகலத்தில் வார்ந்து, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காய வைத்து, கத்தியின் முதுகால் அடியிலிருந்து நுனிவரை அழுத்தி வழித்தால்தான் ஓலை கைக்கு வளையும். பிறகு சுருளாகச் சுற்றி வைத்துக்கொண்டு, முடைகிற அன்று ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். நான் பனையோலைப் பழக்கத்தில் அகலமாக வார்ந்ததை அவர் விரலால் அளந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கோழிக்கூட்டின் மேல் போட்டார். பனையோலை விறைப்பு, மடித்தால் மடித்த இடத்தில் நிற்கும். வாக்வா சவ்வு போல இழுபட்டுக்கொண்டே வரும், மூலை திருப்பும்போது விரல் சற்றுத் தளர்ந்தாலும் பை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். என்னுடைய முதல் ஆறு பைகளும் சாய்ந்தவைதான். அவற்றில் ஒன்றில் இன்றும் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.

வேலையை விடப்போகிறேன் என்று சொன்ன இரவு, அத்தை வெகுநேரம் பேசவில்லை. அவருக்குத் தேவாரம் தெரியும், பேச்சு மட்டும் இந்தத் தீவு மொழியான கிரியோலில்தான். கடைசியில் கேட்டார்: “மாதம் முடிந்தால் சம்பளம் வரும். கூடை முடிந்தால் என்ன வரும்?” கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் சம்பளப் பிரிவில் இருந்தவளுக்கு எதை விட்டுப் போகிறோம் என்பது மற்றவர்களைவிடத் துல்லியமாகத் தெரியும். ஆண்டு முடிவில் சட்டப்படி வரும் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் போகும். பணிக்கொடை நிதியில் என் பெயரில் சேர்ந்தது போகாது, ஆனால் ஓய்வு பெறும் வயதில்தான் கைக்கு வரும். சுயதொழில் செய்கிறவரும் மாதாமாதம் சமூகப் பங்களிப்பு செலுத்த வேண்டும். அப்போது அது குறைந்தது 150 மொரீஷியஸ் ரூபாய். தொழில் பதிவு எண் வாங்கினேன், அந்த அட்டையைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குக் கீழே மாட்டினேன். இவ்வளவையும் தாளில் எழுதியவள், விலை என்ற இடத்தில் மட்டும், பெரிய பைக்கு 500 ரூபாய் என்று யோசிக்காமல் எழுதினேன். அது எங்கிருந்து வந்த எண் என்று யாரேனும் கேட்டிருந்தால் பதில் இல்லை. ஒற்றைத் தாளாகக் கொடுத்து வாங்கிப் போக வசதியான தொகை என்பதைத் தவிர.

முதலில் விற்ற பைக்குக் கிடைத்த அந்தத் தாளை இரண்டு நாள் செலவழிக்காமல் வைத்திருந்தேன். இந்த நாட்டு ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்தும் இருக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் வங்கிக் கணக்கில் விழுந்த சம்பளத்தில் அந்த எழுத்தை ஒருபோதும் நின்று படித்ததில்லை.

2023-இல் ரோஸ் ஹில்லில் ஒரு திருமணத்துக்காகத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க 120 சிறிய கூடைகள் கேட்டார்கள். ஒன்று 75 ரூபாய் என்றேன். மொத்தம் 9,000 ரூபாய் என்ற எண்ணே கண்ணை நிறைத்துவிட்டது. ஒவ்வொரு கூடைக்கும் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஆக 180 மணி நேரம். கடைசி இரண்டு வாரம் இரவு ஒரு மணிவரை முடைந்தேன், விரல் நுனியில் ஒட்டுத்துணி சுற்றிக்கொண்டு. தொழிற்சாலையில் ஒரு தையற்காரப் பெண்ணுக்கு மிகை நேரம் அரை மணி விட்டுப்போனாலும் மறுநாள் காலை என் மேசைக்கு வந்து நிற்பாள். ஒன்றரை மடங்கு, பொது விடுமுறை என்றால் இரண்டு மடங்கு என்று சரிபார்த்துச் சேர்த்துக் கொடுப்பேன். என் மிகை நேரத்துக்காக எந்த மேசையில் போய் நிற்பது என்ற நினைப்பே எனக்கு அப்போது எழவில்லை. இன்னொரு பக்கம், கடற்கரை விடுதி ஒன்றின் கடையில் விற்ற பிறகு பணம் என்ற ஏற்பாட்டில் முப்பது பைகளை வைத்தேன். நான்கு மாதம் கழித்துப் பத்தொன்பதுக்குப் பணம் வந்தது. மீதிப் பதினொன்று கண்ணாடி ஓர வெயிலில் வெளுத்துத் திரும்பி வந்தன. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? எத்தனை நாளில் பணம் என்று எழுதி வாங்காதது நான்தானே.

2024 ஜனவரி 15-ஆம் தேதி பெலால் புயல் வந்தது. போர்ட் லூயி தெருக்களில் கார்களை வெள்ளம் புரட்டிக்கொண்டு போனதை எல்லோரும் கைபேசியில் பார்த்திருப்பார்கள். மேட்டு நிலத்தில் இருக்கும் எங்களுக்கு வெள்ளம் இல்லை, ஆனால் கார் கொட்டகையின் தகரக் கூரை ஓரிடத்தில் விலகிவிட்டது. அதன் கீழேதான் அதுவரை காய வைத்துச் சுருட்டிய நாற்பது ஓலைச் சுருள்கள் அடுக்கியிருந்தன. நனைந்தது மேல் வரிசை மட்டுந்தான் என்று நினைத்து அப்படியே விட்டேன். நான்காம் நாள் பிரித்தால், அடி வரிசைவரை மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளி. பூஞ்சணம் பிடித்த ஓலையைத் துடைத்து வெயிலில் போட்டாலும் கறை போகாது, நாற்றமும் நிற்கும். எல்லாவற்றையும் கொளுத்தினோம்.

அந்த நாற்பது சுருளுக்கு நட்டம் எவ்வளவு என்று அன்றிரவு எழுத உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். ஓலைக்காகக் கொடுத்த காசு மிகச் சொற்பம். பிறகு ஏன் எனக்கு இவ்வளவு வயிறு எரிகிறது? எரிந்தது ஓலை மட்டுமில்லை, சீவியும் வார்ந்தும் வழித்தும் நான் உட்கார்ந்திருந்த அத்தனை பகலும் அதில் இருந்தது. அதற்கு என் ஏட்டில் ஓர் எண் இல்லை. அந்த மாதந்தான் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 16,500 ரூபாயாக உயர்ந்திருந்தது. வாரம் 45 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 195 மணி. வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 85 ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகள் கை தானாகப் போட்ட கணக்கு. ஒரு பெரிய பைக்கு ஓலைப் பக்குவம் நான்கு மணி, முடைச்சல் ஏழு, கைப்பிடியும் விளிம்பும் இரண்டு. பதின்மூன்று மணிக்கு 1,105 ரூபாய். ஓலையும் உள்துணியும் நூறு. நான் விற்றதோ 500-க்கு. அதாவது மணிக்கு 31 ரூபாய்க்கு ஒரு வேலைக்காரியை வைத்திருந்தேன், அவள் நான். இப்படிச் சம்பளம் போட்ட முதலாளியின் தாள் என் மேசைக்கு வந்திருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மறுநாளே விலையை 1,200 ஆக்கிவிட முடியுமா? முடியாது, சந்தையில் அதற்கு ஆள் இல்லை. மணிகளைத்தான் குறைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பைக்கும் தனித்தனியாக ஓலை சீவுவதை நிறுத்தி, மழை இல்லாத மாதங்களில் மொத்தமாகச் செய்யத் தொடங்கினேன். பெரியம்மாவின் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் சுருளுக்கு இவ்வளவு என்று பேசி ஓலை பக்குவம் செய்து தருகிறார்கள். அந்தத் தொகையை அதே 85 ரூபாய்க் கணக்கில்தான் போட்டேன். மூலை திருப்புவதில் கையும் தேறிவிட்டது. இப்போது பெரிய பை ஒன்பது மணி நேரத்தில் முடிகிறது, விலை 950. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். “சென்ற ஆண்டு ஐந்நூறுக்குத் தந்தீர்களே, அக்கா” என்று கேட்ட பெண்ணிடம், சென்ற ஆண்டு தெரியாமல் தந்துவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் வாங்கவில்லை. தாம்பூலக் கூடைக்கு இப்போது 150 சொல்கிறேன். இரண்டு திருமணங்கள் கைவிட்டுப் போயின, ஒன்று வந்தது.

தொழிற்சாலையில் பயன்படுத்திய வருகைப் பதிவேட்டைப் போலவே கோடு போட்ட நோட்டு ஒன்று இப்போது நான் முடைய உட்காரும் பாயின் அருகில் இருக்கிறது. உட்காரும் நேரம், எழும் நேரம், இடையில் சோறு வடிக்க எழுந்த நேரம் வரை அதில் எழுதுகிறேன். ஏழு மாதமாக அத்தையும் அதில் கண் வைத்திருக்கிறார். நான் மறந்தால், கடிகாரத்தைப் பார்த்து அவரே எழுதிவிடுகிறார்.

சென்ற டிசம்பரில் நோட்டைக் கூட்டி, ஓலை சீவும் இருவருக்கும் ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பதின்மூன்றாவது மாதச் சம்பளமாக உறையில் போட்டுச் சூயாக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுருள் கணக்கில் வேலை செய்கிறவர்களுக்கு இது எதற்கு என்று பெரியம்மா கடிந்துகொண்டார். மூன்றாவதாக என் பெயருக்கும் கணக்கு வந்தது: 7,340 ரூபாய். உறைகள் போனபின் பெட்டியில் இருந்தது 4,100. என் வரிசையில் 4,100 என்று மையால் எழுதி, மீதி 3,240 ஜனவரியில் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.