மூன்று நாம்பன்களும் ஒரு குறடும்

கன்றாக இருக்கும்போதே நலமடித்திருந்தால், அதாவது காயடித்திருந்தால், ஒரு காலைப் பொழுது வேலை. வளர்ந்த மூன்று நாம்பன்களை (இளங்காளைகளை) வாங்கி வைத்துக்கொண்டு பங்குனியில் தொடங்கினேன். ஆனி பிறந்துவிட்டது, இன்னும் முழுதாக முடியவில்லை.

நான் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாக்காரன். தம்பலகாமம் பக்கத்துப் பட்டி ஒன்றிலிருந்து கறுவல், சிவலை, வெள்ளையன் என்று மூன்றையும் ஒரே நாளில் வாங்கினேன். கொழுக்க வைத்து அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இறைச்சிக்குக் கொடுப்பது திட்டம். பெரும்போக அறுவடை முடிந்து வயலெல்லாம் ஒட்டுத்தாள் கிடந்த நேரம், தீனிக்குப் பஞ்சமில்லை. ஆனால் தின்றால்தானே? ஒன்றையொன்று முட்டுவதும், எங்கோ ஒரு பசு கத்தினால் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடுவதுமாக இருந்தன. இரண்டாவது கிழமையே சிவலை அடுத்த வளவு வேலியை நாலு பாக நீளத்துக்குச் சாய்த்துவிட்டது. கம்பிக்கும் கட்டைக்கும் கூலிக்கும் என் காசு.

நலமடிக்காத காளைதான் வேகமாக வளரும், இறைச்சியும் கொழுப்புக் குறைவாக விழும் என்பார்கள். உண்மைதான். பசுக்கள் இல்லாத இடத்தில் உறுதியான அடைப்புக்குள் தனித்தனியாகக் கட்டி வளர்க்க வசதி உள்ளவர்கள் இந்த வேலைக்கே போகவேண்டாம். எனக்கு அந்த வசதி இல்லை. ஓடி ஓடி உடம்பைக் கரைக்கும் மாட்டுக்கு வளர்ச்சி எங்கிருந்து வரும்?

வீட்டில் மாமா ஒருவர் குறுக்கே நின்றார். நலமடித்த மாடு குர்பானுக்கு (பெருநாள் பலிக்கு) கூடாது என்றார். பள்ளி மௌலவியிடம் கேட்டேன். நபிகளார் காயடித்த இரண்டு செம்மறிக் கடாக்களைக் குர்பான் கொடுத்த ஹதீஸைச் சொல்லி, தாராளமாகக் கூடும், மாட்டுக்கு இரண்டு வயது முடிந்திருக்கிறதா என்று மட்டும் பார் என்றார். மாமா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இனி, நலமடிக்க ஆள் கேட்டுப் போன மிருக வைத்திய அலுவலகம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. முதல் நாள் போனபோது டொக்டர் வெளிக்களத்துக்குப் போய்விட்டார். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டிருக்க வேண்டும், அது என் பிழை. இரண்டாம் முறை மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "மாட்டின் உரிமைச் சீட்டு எங்கே?" என்றார். கொடுத்தேன். சீட்டு இன்னும் விற்றவர் பெயரில் இருந்தது. "உங்கள் மாடு என்பதற்கு என்ன அத்தாட்சி? பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள்." மாட்டை விற்க வரவில்லை, நலமடிக்கத்தான் ஆள் கேட்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கொப்பியை மூடிவிட்டார்.

பட்டிக்காரரைத் தேடிப் பிடித்து, கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கி, சீட்டு என் பெயருக்கு வர ஒன்பது நாள் ஆனது. மூன்றாம் முறை நேரே டொக்டரின் அறைக்கே போனேன். கடதாசிக் கட்டைப் பார்த்துச் சிரித்தார். "நலமடிக்க இதெல்லாம் எதற்கு? விற்கும்போதும் ஏற்றும்போதும்தானே தேவை?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கிடையில் இலவச யோசனைகளுக்குக் குறைவே இல்லை. ஊர்க் கிழவர் ஒருவர் இரண்டு தடிகளைக் கட்டி நசுக்கும் பழைய முறையைச் செய்து தருவதாகச் சொன்னார். சின்ன வயதில் அதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்த மாடு கத்திய சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. மிருகவதைக்கு எதிராக 1907ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்த நாடு இது. ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் மச்சான் ரப்பர் வளையம் தர முன்வந்தான். அது பிறந்து சில நாளான குட்டிக்கும் கன்றுக்கும் உரியது. வளர்ந்த நாம்பனுக்குப் போட்டால் புண் அழுகி ஏற்புவலி (டெட்டனஸ்) வரலாம் என்று டொக்டர் கடுமையாகவே எச்சரித்தார்.

அவர் சொன்ன வழி குறடு. பேர்டிசோ என்று ஒரு பெரிய இடுக்கி. தோலை வெட்டாமல் உள்ளே இருக்கும் விந்து நாணை மட்டும் நசுக்கும். இரத்தம் இல்லை, இலையான் மொய்க்கப் புண்ணும் இல்லை. நாள் குறித்து வந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே ஆட்டுக் குட்டிக்குப் போடும் சிறிய குறடு! பெரியது வேறொரு பிரிவுக்கு இரவல் போயிருந்ததாம். அன்றைக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. நான் மாடுகளுக்கு வயிறு முட்டப் புல் போட்டு வைத்திருந்தேன். குறடு சரியாக இருந்திருந்தாலும் இந்த வயிற்றோடு கயிறு போட்டு விழுத்தியிருக்க மாட்டேன், வயிறு ஊதி மூச்சு முட்டிவிடும் என்றார். முதல் நாள் மாலையோடு தீனியை நிறுத்த வேண்டுமாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன்.

அடுத்த தவணைக்குள் பனங்குற்றி நட்டு, ஒரு மாடு மட்டும் நுழையும் அகலத்தில் ஓர் ஒடுக்கம் அமைத்தேன். விழுத்தும் தொல்லையே வேண்டாம், நின்றபடியே செய்யலாம். இந்த முழு அலைச்சலில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

சித்திரை நடுவில் பெரிய குறடு வந்தது. டொக்டர் முதலில் ஒரு நூலை இரண்டு கடதாசித் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் குறட்டால் நெரித்தார். நூல் அறுந்தது, கடதாசி கிழியவில்லை. அப்படி இருந்தால்தான் குறடு நல்ல குறடாம். உங்கள் மாட்டுக்குக் குறடு போட வருகிறவரிடம் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

மாட்டின் வயதைப் பல்லை வைத்துத்தான் கணிப்பார்கள். கறுவல் இரண்டு பல் போட்டது. மரத்துப்போக ஒரு விறைப்பு ஊசி, பத்து நிமிடக் காத்திருப்பு, நாணை விரலால் ஓரத்துக்குத் தள்ளி ஒரு நெரிப்பு, ஒரு விரல் இடைவெளி விட்டுக் கீழே இன்னொன்று. மற்றப் பக்கமும் அப்படியே, ஆனால் இரண்டு பக்கத் தழும்பும் நடுவில் சந்திக்கக்கூடாது. சந்தித்தால் இரத்த ஓட்டம் நின்று பையே அழுகிவிடும். நோவுக்கு ஓர் ஊசி போட்டு அவிழ்த்துவிட்டோம். மூன்று நாள் வீக்கம், கொஞ்சம் அகட்டி நடந்தது, அவ்வளவுதான்.

சிவலைக்கு நாலு பல். வலப்பக்கம் சரியாக முடிந்தது. இடப்பக்கம் குறடு கடிக்கும் நேரத்தில் ஓர் உதை உதைத்து உடம்பைத் திருப்பிவிட்டான். கயிறு பிடித்த பையன், "பட்டுவிட்டது, பட்டுவிட்டது" என்றான். வெயிலும் ஏறிவிட்டது. எல்லோரும் பட்டுவிட்டது என்றே முடிவு செய்தோம்.

வெள்ளையனின் வாயைத் திறந்து பார்த்த டொக்டர் என்னைத்தான் உற்றுப் பார்த்தார். மூன்று வயது என்று சொல்லி விற்றிருந்தார்கள், ஆனால் பல் முழுதாகச் சேர்ந்திருந்தது. தோலும் நாணும் தடித்த மாட்டுக்குக் குறட்டை நம்ப முடியாது, கத்தி வைத்தால் இரத்தப்போக்கு வரலாம், தேறி எடை பிடிக்கவும் நாள் எடுக்கும், இப்படியே விற்றுவிடுங்கள் என்றார். விற்றேன். சீட்டு என் பெயரில் தயாராக இருந்ததால் ஒரே நாளில் கைமாறியது. மேசைக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டியவன்தான், மனம் வரவில்லை.

ஆறு கிழமை கழித்துக் கையால் தடவிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். கண்ணால் பார்த்தால் போதாது, பை அப்படியே தொங்கிக்கொண்டுதான் இருக்கும். கறுவலுக்கு உள்ளே இரண்டும் காய்ந்த பாக்குப் போலச் சுருங்கியிருந்தன. சிவலைக்கு வலது சுருங்கியிருந்தது. இடது முன்பைவிடப் பெரிதாக, இறுக்கமாகக் கையில் தட்டுப்பட்டது. இவன் ஏன் இன்னும் வேலியைப் பார்த்து மண்ணைக் கிளறுகிறான் என்று ஒரு மாதமாக யோசித்த எனக்கு அப்போதுதான் விளங்கியது. நல்லவேளையாகப் பசுக்களோடு விடவில்லை. சரியாக நலமடித்த மாடுகூட முதல் சில கிழமைகள் சினைப்படுத்தக்கூடும்.

மறுபடியும் தவணை, மறுபடியும் பட்டினி போட்ட இரவு. இந்த முறை பின்னங்காலையும் குற்றியோடு சேர்த்துக் கட்டினேன். குறடு நறுக்கென்று கடித்த சத்தம் எனக்கே கேட்டது. கயிறு பிடித்த பையனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அது போன செவ்வாய்க்கிழமை. கறுவல் பகலெல்லாம் வேப்பமர நிழலில் படுத்து அசைபோடுகிறான், விலா எலும்பு மறையத் தொடங்கியிருக்கிறது. சிவலையை இன்னும் தனியாகத்தான் கட்டி வைத்திருக்கிறேன். ஆடியில் இன்னொரு முறை தடவிப் பார்க்க வேண்டும்.