அபிவிருத்திச் சங்கக் கணக்கைக் கேட்டுப் போன ஐந்து மாதம்

என் மகள் தரம் 7 படிக்கிறாள். முதலாம் தவணையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு என்று காசு கேட்டார்கள், கட்டினேன். பிறகு மலசலகூடத் திருத்தத்துக்கு என்று இன்னொரு தொகை. அதையும் கட்டினேன், ஆனால் அதற்குப் பற்றுச்சீட்டு வரவில்லை. இரண்டாம் தவணை தொடங்கியும் மலசலகூடக் கதவு கழன்றபடியே கிடந்தது. அங்கே போகப் பயந்து மகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கிறாள் என்று தெரிந்த அன்றுதான், இதைக் கேட்டே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அதுவரை இந்தச் சங்கம் எப்படி இயங்குகிறது என்று எனக்குத் தெரியாது. பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் எல்லாரும் இதில் சேரலாம். அதிபர் பதவிவழியாகத் தலைவர். செயலாளரைப் பொதுக்கூட்டம் தெரிவு செய்கிறது. 1960இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரை, யாழ்ப்பாணத்தில் பல பாடசாலைகளைச் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் மிஷன்களும் நடத்தின. அந்தக் காலத்தில் ஏதும் குறை என்றால் முகாமையாளர் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடுவார்களாம், அப்பா சொல்வார். இப்போது பெற்றோருக்கு இருக்கிற இடம் இந்தச் சங்கம்தான். அதனால்தான் இதை விடக்கூடாது என்று நினைத்தேன்.

முதலில் அதிபரிடம் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். "கணக்கெல்லாம் சரியா இருக்கு தங்கச்சி. பொதுக்கூட்டத்தில வாசிச்சனாங்கள்தானே" என்றார். கூட்டம் எப்போது நடந்தது சேர் என்று கேட்டேன். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. முதல் நாள் காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகளிடம் வாயால் சொல்லி விட்டிருக்கிறார்கள். அன்று மகள் காய்ச்சலில் வீட்டில் இருந்தாள். கூலி வேலைக்குப் போகிற எங்கள் ஒழுங்கைக்காரர் எவருக்கும் அப்படி ஒரு கூட்டம் நடந்ததே தெரியாது.

கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஆறு கிழமையாகப் பதில் இல்லை. இந்த இடைவெளிதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. கூடப் பிறந்த அக்காவே, "பிள்ளை அங்கதான் படிக்குது, ஏன் தேவையில்லாமல் முறைக்கிறாய்?" என்றா. பக்கத்து வீட்டு அன்ரி, காசை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று ஊர் கதைக்கிறது என்றா. எனக்கு இரண்டுமே நெஞ்சை அழுத்தியது. நான் யாரையும் கள்ளன் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றும் தெரியாமல் இருக்கிற இடத்தில் ஊர் தானாகவே ஒரு கதையைக் கட்டிவிடுகிறது.

அப்புறம் ஓய்வுபெற்ற கிராம சேவகர் ஒருவரிடம் போனேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். 2017 மாசி மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறதாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே கொடுக்கலாம். நான் முதலில் எழுதியது, "கதவை ஏன் இன்னும் திருத்தவில்லை?" என்ற ஒரே கேள்வி. அவர் அதை வெட்டிவிட்டார். "ஏன் எண்டு கேட்டால் விளக்கம்தான் வரும் பிள்ளை. என்ன பதிவு இருக்கு எண்டு கேள்" என்றார். அவர் சொன்னபடி மூன்று விடயம் கேட்டேன்: இரண்டு வருட வரவு செலவு, கடைசிப் பொதுக்கூட்டத்தின் கூட்டறிக்கை, மலசலகூடத் திருத்தம் பற்றிய தீர்மானமும் அதற்கு வாங்கிய விலைகளும். இதே வழியில் போகிற யாருக்கும் நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். விளக்கத்தைக் கேட்காதீர்கள், பதிவு இருக்கிற தாளைக் கேளுங்கள்.

யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. எங்கள் பாடசாலைக்கான தகவல் அலுவலர் வலய அலுவலகத்தில்தான் இருந்தார். விண்ணப்பத்தைக் கொடுத்து, கிடைத்தது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. பன்னிரண்டாம் நாள், பாடசாலைக்கு வந்து புத்தகங்களைப் பார்வையிடலாம் என்று கடிதம் வந்தது.

அந்த நாள் எனக்கு மறக்காது. பொருளாளராக இருக்கிற ரீச்சர் காசேட்டையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்தா. காசு ஒரு சதமும் குறையாமல் வங்கியில் இருந்தது. மூன்று மேசன்மாரிடம் விலை எடுக்க வேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது. ஒருவர்தான் விலை கொடுத்திருக்கிறார். வேலை அதோடு நின்றுவிட்டது. அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திருப்பினேன். என் பெயரில் எழுதிய சீட்டு கிழிக்கப்படாமல் அதிலேயே இருந்தது. முன்னும் பின்னும் எத்தனையோ பெற்றோரின் சீட்டுகள். ரீச்சருக்கு முகம் வாடிவிட்டது. "வகுப்பு வகுப்பாக் குடுக்க ஆளில்லை அம்மா" என்றா. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இத்தனை மாதம் ஊர் அவர்களைப் பற்றி என்னவெல்லாம் கதைத்தது!

இன்னும் இரண்டு மேசன்மாரை எங்கள் ஒழுங்கைக்காரரே பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் கதவு போட்டாயிற்று.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினேன். கால் நடுங்கியது. கூட்ட அறிவித்தல் இரண்டு கிழமைக்கு முன்னரே கடிதமாகப் பிள்ளையின் பையில் வர வேண்டும், பெற்றோர் ஒப்பம் வைத்துத் துண்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். கூட்டம் ஞாயிறு பின்னேரம் இருக்க வேண்டும். தவணைக்கு ஒரு தடவை வரவு செலவை ஒரே தாளில் எழுதி வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டால் போதும்தானே என்று ஒருவர் சொன்னார். பேரப்பிள்ளைகளை வளர்க்கிற அம்மம்மாமார் எத்தனை பேரிடம் அந்தப் போன் இருக்கிறது என்று கேட்டேன். மூன்றையும் ஏற்றுக்கொண்டார்கள். தாளை எழுதி ஒட்டுகிற வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

முதல் தாளைக் கணினியில் அடித்து ஒட்டினேன். மகளின் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மம்மா பலகைக்குக் கிட்டப் போய் நின்று பார்த்துவிட்டு, "எழுத்து சின்னனாக் கிடக்கு பிள்ளை, எனக்குத் தெரியேல்லை" என்றா. பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தாளை மாக்கர் பேனையால் பெரிதாக எழுதியிருக்கிறேன்.