17-ஆம் எண் அட்டை

அன்று அந்தப் பெண்ணிடம் "ஏம்மா மாத்தின?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. இல்லை, கேட்டது சரிதான். வகுப்புக்கு நடுவில் கேட்டதுதான் தப்பு. இரண்டு மாதமாக மாறி மாறி இப்படியே தோன்றுகிறது.

நியூட்டனின் மூன்றாம் விதிப் பாடம். தொப்பூர் கணவாயில் லாரியும் பைக்கும் மோதினால் எதன் மேல் விசை அதிகம்? பாலக்கோட்டுப் பிள்ளைகளுக்குத் தொப்பூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கொரு எண் போட்ட பிளிக்கர்ஸ் அட்டை உண்டு; அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அந்த எழுத்தை விடையாக என் போன் கேமரா படித்துக்கொள்ளும். அதைத் தூக்கிக் காட்டியதில் 41 பேரில் 18 பேர்தான் 'சி': இரண்டின் மேலும் சமம். நொறுங்குவது பைக்தானே என்று மற்றவர்கள் 'ஏ' பக்கம்: பைக்கின் மேல்தான் அதிகம். நிறை குறைவென்பதால் அதே விசைக்கு அதன் முடுக்கம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் அதை நான் சொல்லவில்லை. 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் பக்கத்திலிருப்பவரோடு பேசவிட்டு மறுபடி கேள் என்பது ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை. மூன்று நிமிடம் ஒரே சத்தம். இரண்டாம் சுற்றில் 33.

போனில் பார்த்தால் 17-ஆம் எண் மட்டும் 'சி'யிலிருந்து 'ஏ'வுக்குப் போயிருந்தது.

அட்டையில் எழுத்து பொடியாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் கறுப்புக் கட்டம் வேறு மாதிரி என்பதால் பக்கத்திலிருப்பவருக்குக்கூட விடை தெரியாது. "தப்பாச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது" என்று முதல் நாளே வாக்குக் கொடுத்தவன் நான்தான்.

நான் கேட்டதும் எழுந்து நின்றாள். பக்கத்திலிருந்த தோழியைக் காட்டினாள். "அவ நல்லாப் படிக்கிறவ சார். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நீ முதல்ல சொன்னதுதாம்மா சரி" என்றேன். பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். தோழி தலையைக் குனிந்துகொண்டாள். இவளும்தான்.

கேட்காமல் விட்டிருந்தால் 33-ஐப் பார்த்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன். சரியான விடைக்கு மாறிய 16 பேரில் புரிந்து மாறியவர்கள் எத்தனை பேர், முதல் ரேங்குக்குக் கட்டுப்பட்டு மாறியவர்கள் எத்தனை பேர்? அந்தக் கேள்வி எனக்கு வந்ததே அவளால்தான். அதற்காக அவளை எழுப்பி நிற்க வைத்திருக்க வேண்டுமா? இடைவேளையில் தனியாகக் கேட்டிருந்தால் இதே பதிலைச் சொல்லியிருப்பாளா என்பதும் சந்தேகம்தான்.

இப்போதெல்லாம் போனில் 40 விடைதான் பதிவாகிறது. 17-ஆம் அட்டை உயரத்தான் செய்கிறது. கட்டத்தின் மேல் அவள் கட்டைவிரல் இருக்கிறது. கேமராவால் படிக்க முடிவதில்லை. "விரலை எடும்மா" என்று வாய்வரை வருகிறது. சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன்.