செவ்வந்திக்கல்லைச் சூளையில் சுட்டுப் பார்த்தேன்

ஊதா போயே போய்விட்டது. 450 டிகிரி செல்சியஸ் வரை மெல்ல ஏற்றி, தானாக ஆறும்வரை சூளையைத் திறக்காமல் விட்டு எடுத்த செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்) துண்டுகள் இப்போது பழுப்பு கலந்த மஞ்சள். அதுவும் நுனியில் மட்டும்தான். அடிப்பக்கம் வெறும் பால்வெள்ளை.

சூளை என்னுடையது இல்லை. பினாங்கின் பாயான் லெப்பாஸில் மட்பாண்டம் செய்யும் அக்கா ஒருவர், தனக்கு வேலையில்லாத நாளில் மின்சூளையைத் தருகிறார். கற்களை மண்சட்டியில் மணலுக்குள் புதைத்து வைக்கிறேன். சூடு சீராக ஏறும், கல் வெடித்தாலும் சில்லு வெளியே தெறிக்காது.

நுனி மட்டும் ஏன் மாறியது? செவ்வந்திக்கல்லும் ஸ்படிகம்தான், அதாவது குவார்ட்ஸ், சிலிக்கான் டை ஆக்சைடு. சிலிக்கான் இருக்கவேண்டிய சில இடங்களில் இரும்பு உட்கார்ந்திருக்கும். சுற்றியுள்ள பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு அந்த இரும்பிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடுவதால்தான் ஊதா. சூடு ஏறினால் எலக்ட்ரான் திரும்பி வந்துவிடும். பிறகு இரும்பில் ஒரு பகுதி நுண்ணிய ஆக்சைடு துகள்களாகி மஞ்சளைத் தருகிறது. இரும்பு எங்கே அதிகமோ அங்கேதான் முதலில் ஊதா, இப்போது மஞ்சள். கடைகளில் விற்கும் சிட்ரின் என்ற மஞ்சள் ஸ்படிகம் பெரும்பாலும் இப்படிச் சுட்ட கல்தான். லிட்டில் இந்தியாவில் புஷ்பராகம் தேடிப் போகிறவர்கள், கையில் தருவது சிட்ரினா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

கூடவே வைத்த புகைநிற ஸ்படிகத்தில் மாசு அலுமினியம். அது மஞ்சளாகவில்லை, நிறமே இல்லாமல் தெளிந்துவிட்டது. அதே சட்டி, அதே சூடு!

இதுவரை மாறியது நிறம்தான். படிக அமைப்பு அப்படியே இருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் 573 டிகிரியைத் தாண்ட வேண்டும். அங்கே ஆல்ஃபா குவார்ட்ஸ் என்ற வழக்கமான வடிவம், பீட்டா என்ற இன்னொரு வடிவமாகிறது. பிணைப்பு எதுவும் அறுவதில்லை, அணுக்களின் கோணம் லேசாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். ஆனால் கல் சட்டென்று உப்பும். ஆறும்போது அதே புள்ளியில் சுருங்கி மறுபடி ஆல்ஃபாவாகிவிடும். இதை அக்காவிடம் சொன்னால் சிரிக்கிறார்: "தம்பி, அந்த எடத்துல நான் எப்பவுமே மெதுவாத்தான் போவேன். இல்லாட்டி பானை விரிசல் விட்டுடும்." களிமண்ணிலும் குவார்ட்ஸ் உண்டே!

600 வரை கொண்டுபோன தெளிவான ஸ்படிகம் உள்ளுக்குள் விரிசல் ஓடி வெளுத்து வந்தது. உள்ளே நீர்க்குமிழ் இருந்த துண்டு இரண்டாகவே பிளந்துவிட்டது. அதற்கு 573தான் காரணமா, குமிழில் இருந்த நீரின் அழுத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை குமிழ் இல்லாத துண்டுகளை மட்டும் பொறுக்கி, பாதியை 550இலேயே நிறுத்தி, மீதியை 600க்கு அனுப்பப் போகிறேன்.

இலங்கையின் கெவுடா என்ற பால்போல் மங்கிய நீலக்கல் வகைக் கற்களை நீலமாக்கும் வேலை இந்தச் சூளையில் நடக்காது. அதற்கு 1600 டிகிரிக்கு மேல் வேண்டும்.