மீனை விடாமல் பாதரசத்தை இறக்கிய கதை

ரத்தத்தில் பாதரசம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடலாம் எனச் சொன்னவர் மகப்பேறு மருத்துவர். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணத்தில் நானும் கணவரும் ஆலோசனைக்குப் போயிருந்தோம். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வழக்கமான கேள்விகளுக்கு நடுவே, "வாரத்தில் எத்தனை நாள் மீன் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். "ஐந்து நாளாவது சாப்பிடுவேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. இறைச்சியைக் குறைத்து மீனுக்கு மாறியவள் நான்; பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். "என்ன மீன்?" என்பதுதான் வந்தது.

வேலை நாள்களில் மதியம் ஒரு டின் வெள்ளைச் சூரை, அதாவது ஆல்பகோர் வகை. மாதத்தில் ஒன்றிரண்டு முறை வாள்மீன் துண்டு. இதைச் சொன்னதும் பரிசோதனைச் சீட்டில் இன்னொரு வரி சேர்ந்தது.

ஆய்வகத்தில் முதல் குழப்பம். "கன உலோகப் பரிசோதனை" என்று பெயரிட்ட தொகுப்பு ஒன்றைக் காட்டி, சிறுநீர் பிடிக்கும் குப்பியைக் கையில் கொடுத்தார்கள். மருத்துவர் சீட்டில் தெளிவாக "முழு ரத்தம்" என்று எழுதியிருந்தார். அங்கேயே நின்று அவருக்குத் தொலைபேசினேன். "சிறுநீர் வேண்டாம், அதில் உங்களுக்குத் தேவையான விடை கிடைக்காது" என்றார். மீனில் இருப்பது மெத்தில் பாதரசம். உடல் அதைப் பெரும்பாலும் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்பி மலத்தில்தான் வெளியேற்றுகிறது; சிறுநீரில் வருவது சொற்பம். பாதரச ஆவியைச் சுவாசிக்கும் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் சிறுநீர்ப் பரிசோதனை பொருந்தும். ரத்தத்திலும் மெத்தில் பாதரசத்தின் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் இருப்பதால், அணுக்களை நீக்கிய தெளிநீரான சீரத்தை மட்டும் பிரித்து அளந்தாலும் பயனில்லை.

அடுத்தது குழாய். ரத்தம் எடுக்க வந்த பெண் வழக்கமான ஊதா மூடிக் குழாயை எடுத்தார். சீட்டை மறுபடி படித்துவிட்டு உள்ளே போய் அடர்நீல மூடி போட்ட ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தார். குழாயிலிருந்தோ மூடியிலிருந்தோ உலோகத் துணுக்கு கலந்துவிடாதபடி தயாரிக்கப்பட்டது அது. லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில் தேடும்போது இந்தச் சின்ன விஷயமெல்லாம் கணக்கைப் புரட்டிவிடும். இப்படிப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் மூடியின் நிறத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

முடிவு வந்தது: லிட்டருக்கு 24 மைக்ரோகிராம்.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் குறியீட்டு அளவு 5.8. நான் அதைப்போல நான்கு மடங்கு. இணையத்தில் தேடினால் மினமாட்டா படங்கள் வந்து நிற்கின்றன. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ரசாயனத் தொழிற்சாலை ஒன்று பாதரசக் கழிவைக் கொட்ட, அந்த மீனை உண்ட மக்களுக்குக் கை கால் மரத்தது, நடை தள்ளாடியது, பார்வை ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோல் சுருங்கியது, பேச்சு குழறியது. 1956இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அதைப் படித்த இரவு நானும் விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன்.

மருத்துவர் இரண்டு பக்கமும் காட்டினார். பெரியவர்களிடம் நரம்பு பாதிப்பின் முதல் அறிகுறிகள் தோன்றக்கூடிய அளவு என்று உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் மதிப்பிட்டது லிட்டருக்குச் சுமார் 200 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் 24 என்பது எனக்கு நோய் இல்லை. ஆனால் கருவுக்கு வேறு கணக்கு. மெத்தில் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம்போல வேடம் போடுகிறது. ரத்தத்திலிருந்து மூளையைக் காக்கும் தடுப்பும் நஞ்சுக்கொடியும் அதைச் சத்துப்பொருள் என்று நம்பி உள்ளே விட்டுவிடுகின்றன. தொப்புள்கொடி ரத்தத்தில் அதன் அளவு தாயின் ரத்தத்தைவிடச் சராசரியாக 1.7 மடங்கு. என் 24 குழந்தையிடம் 41 ஆகும். தொப்புள்கொடி ரத்தத்தில் 58 என்ற அளவை ஒட்டிக் குழந்தைகளின் வளர்ச்சியில் பாதிப்பு தெரிந்ததால், அதைப் பத்தால் வகுத்துப் பாதுகாப்புக்காக வைத்த எண்தான் அந்த 5.8. "எல்லையைத் தாண்டவில்லை, ஆனால் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியைப் பெரும்பாலும் தின்றுவிட்டீர்கள்" என்றார். மினமாட்டாவிலும் தாய்க்கு லேசான அறிகுறி மட்டும் இருக்க, பிறந்த குழந்தைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் உண்டு.

அம்மாவிடம் சொன்னேன். "மீனே வேண்டாம், விட்டுத்தொலை" என்றார் ஒரே வார்த்தையில். மருத்துவர் அதற்கு உடன்படவே இல்லை. கருவின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு அமிலங்கள், அயோடின், செலினியம் எல்லாம் மீனில்தான் தாராளமாகக் கிடைக்கின்றன. இதில் ஆய்வுகளே ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. வட அட்லாண்டிக் கடலில் உள்ள பரோயே தீவுகளில் 1986–87இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, தாயின் பாதரசம் ஏற ஏற ஏழு வயதில் கவனம், மொழி, நினைவாற்றல் ஆகியவற்றில் சரிவு தெரிந்தது. அங்கே பாதரசத்தின் முக்கிய மூலம் திமிங்கில இறைச்சி. சீஷெல்ஸ் தீவுகளில் வாரத்துக்குப் பன்னிரண்டு வேளைபோல மீன் தின்னும் தாய்மாரின் குழந்தைகளிடம் அப்படித் தொடர்ச்சியான பாதிப்பு தென்படவில்லை. மீனின் நன்மை பாதரசத்தின் தீமையை ஓரளவு ஈடுகட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு இதில் கிடைத்த தெளிவு எளிது: பாதரசத்தைக் குறைக்க வேண்டும், மீனைக் குறைக்க வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பிரிக்க முடியும், ஏனென்றால் எல்லா மீனும் ஒன்றல்ல.

பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்று சும்மாவா சொல்கிறோம். நிலக்கரி எரிப்பதாலும், சிறு அளவில் தங்கம் பிரித்தெடுப்பதாலும், எரிமலைகளாலும் காற்றில் கலக்கும் பாதரசம் நீரில் இறங்குகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மிதவை உயிரி, சிறு மீன், பெரு மீன் என்று வாய்க்கு வாய் செறிவு கூடி, உச்சியில் இருக்கும் வேட்டை மீனின் சதையில் சுற்றியுள்ள நீரைப்போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் சேர்ந்துவிடுகிறது. நீண்ட காலம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்ற மீனில்தான் அதிகம். சுறா, வாள்மீன், பெரிய வகைச் சூரைகள் அந்தப் பட்டியலில் முன்னால் நிற்கின்றன.

கணக்குப் போட உட்கார்ந்தேன். கணக்கில்லாமல் எனக்கு எதுவும் மனதில் தங்காது. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் என்பது அமெரிக்க முகமையின் வரம்பு. 60 கிலோ எடைக்கு நாளுக்கு 6, வாரத்துக்கு 42. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அளந்து வெளியிட்ட சராசரிகளின்படி, டின்னில் வரும் வெள்ளைச் சூரையில் ஒரு கிராமுக்கு 0.35 மைக்ரோகிராம். நூறு கிராமுக்கு 35. என் ஒரு மதிய உணவே வாரப் பங்கில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. ஐந்து நாளில் 175. வாள்மீனில் கிராமுக்கு ஏறக்குறைய 1 மைக்ரோகிராம்; நூற்றைம்பது கிராம் துண்டு ஒன்று மூன்று வாரக் கணக்கையும் தாண்டிவிடுகிறது.

இப்போது மத்தியைப் பாருங்கள்: கிராமுக்கு 0.013. நூறு கிராமுக்கு 1.3 மைக்ரோகிராம். வாரத்துக்கு 42ஐ எட்ட வேண்டுமென்றால் மூன்று கிலோவுக்கு மேல் மத்தி தின்ன வேண்டும், ஆசைப்பட்டாலும் முடியாது. நெத்திலி 0.016, சால்மன் 0.022, இறால் அதற்கும் கீழே. சூரையிலேயே சிறிய வகையைக்கொண்டு அடைக்கும் டின்னில் 0.126தான், வெள்ளைச் சூரையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு டின்களுக்குள் இவ்வளவு வித்தியாசம். முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பாமல், டின்னைத் திருப்பி எந்த வகைச் சூரை என்ற சிறிய எழுத்தைத் தேடிப் படிக்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது.

சமையலில் இதைச் சரிக்கட்ட முடியுமா என்று பலர் கேட்டார்கள். முடியாது. மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. தோலை உரித்தாலும், கொழுப்பை நீக்கினாலும், உறையவைத்தாலும், பொரித்தாலும் போகாது. சொல்லப்போனால் சமைக்கும்போது நீர் வற்றுவதால் கிராமுக்குக் கிராம் செறிவு சற்றே கூடுகிறது. புரதத்தோடு ஒட்டும் குணத்தால் ஒரு நன்மையும் உண்டு: எண்ணெயில் அது தங்குவதில்லை. அதனால் மீன் எண்ணெய் மாத்திரையில் பாதரசம் மிகக் குறைவு.

பிறகு வந்தது நச்சுநீக்கக்காரர்கள் படை. தெரிந்தவர் ஒருவர் கொத்தமல்லிச் சாறு குடிக்கச் சொன்னார். இன்னொருவர் குளோரெல்லா என்ற பச்சைப் பாசி மாத்திரை. மனிதர்களிடம் இவை மெத்தில் பாதரசத்தை வெளியேற்றுகின்றன என்று சொல்ல உருப்படியான சான்று எதுவும் இல்லை. மூன்றாவது ஆலோசனைதான் ஆபத்தானது: ஒரு தனியார் நிலையத்தில், உடலில் உள்ள உலோகத்தைப் பிடித்து வெளியே இழுக்கும் கிலேஷன் மருந்து கொடுத்து, உடனே சிறுநீரைப் பிடித்து அளந்து, "பாருங்கள், எவ்வளவு வெளியேறுகிறது" என்று காட்டுவார்களாம். அந்த மருந்து கொடுத்தால் யாருடைய சிறுநீரிலும் உலோகம் கூடித்தான் தெரியும். அதை மருந்து கொடுக்காத சாதாரண அளவோடு ஒப்பிட்டு மிரட்டுவது வியாபாரம். இப்படித் தூண்டி எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனையை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2010இலேயே அறிக்கை விட்டிருக்கிறது. என் மருத்துவர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "இந்த அளவுக்கு அது தேவையே இல்லை. உடம்புக்கு வேண்டிய துத்தநாகத்தையும் செம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். உங்களுக்கு மருந்து நாள்காட்டிதான்."

நாள்காட்டி என்றால், மெத்தில் பாதரசம் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐம்பது நாள் ஆகும்; ஆளுக்கு ஆள் அது கொஞ்சம் கூடும், குறையும். குடலுக்கு வந்த பாதரசத்தில் ஒரு பகுதி மறுபடி ரத்தத்துக்கே உறிஞ்சப்படுவதும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். தண்ணீரை அதிகம் குடித்தோ வியர்க்க ஓடியோ இதை அவசரப்படுத்த முடியாது. குழந்தை விஷயத்தைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்தோம். எங்களுக்குக் கடினமாக இருந்தது மீன் மாற்றுவது இல்லை, இந்தக் காத்திருப்புதான். வயது முப்பதைத் தாண்டியவளுக்கு ஒவ்வொரு மாதமும் கணக்கில் வரும். "ஏன் இன்னும்" என்று விசாரிக்கும் உறவினரிடம் "பாதரசம்" என்று பதில் சொல்ல முடியுமா? கணவர் மட்டும் சொல்லிப் பார்த்தார். எதிரே இருந்தவர் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டதா என்று கேட்டார்.

வாள்மீனை முற்றாக விட்டேன். வெள்ளைச் சூரை டின்கள் மீதமிருந்தவை கணவருக்குப் போயின, அவருக்கும் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் இல்லை என்ற நிபந்தனையோடு. மத்தி, நெத்திலி, சால்மன் என்று வாரத்தில் மூன்று வேளை. கருத்தரிக்க நினைப்பவர்களும் கர்ப்பிணிகளும் பாதரசம் குறைந்த மீனை வாரத்துக்கு 8 முதல் 12 அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 225 முதல் 340 கிராம் வரை, சாப்பிடலாம் என்பது அமெரிக்க அரசு அமைப்புகளின் அறிவுரை; அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். வெளியே சாப்பிடும்போதுதான் சங்கடம். "மீன்" என்று மட்டும் எழுதியிருக்கும் உணவுப் பட்டியலைக் காட்டி என்ன மீன் என்று கேட்டால், பரிமாறுபவர் உள்ளே போய் விசாரித்து வந்து "நல்ல மீன்தான்" என்பார். அப்படிப்பட்ட இடத்தில் காய்கறிக்கு மாறிவிடுவேன்.

மூன்று மாதம் கழித்து, அதே ஆய்வகம், அதே அடர்நீல மூடி. ஒப்பிட வேண்டுமென்றால் ஆய்வகத்தை மாற்றாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். 9.4 வந்தது. மருந்தில்லை, சாறில்லை, வேறு மீன், அவ்வளவுதான். அப்போதே முயலலாமா என்று கேட்டேன். 5.8ஐவிடக் கீழே இறங்கட்டும், இவ்வளவு நாள் பொறுத்தீர்கள் என்றார். இடையில் ஒரு திருமணத்தில் சுறா வைத்தார்கள். தட்டை நகர்த்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருமுறை தின்றால் குடி முழுகிவிடாது என்பது தெரியும், இருந்தும் அந்த எண் ஒரு தசமம்கூட ஏறுவதைப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை.

அடுத்த பரிசோதனையில் 4.1. மருத்துவர் அறிக்கையை ஒரு பார்வை பார்த்தார். "இனி இதை அளக்க வேண்டியதில்லை, இதே மீன்களைக் கர்ப்பத்திலும் தொடருங்கள்" என்றார். பிறகு அதே தாளின் கீழ்ப்பகுதியில் விரலை வைத்து, ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறதே என்று இரும்புச்சத்து மாத்திரை எழுத ஆரம்பித்தார்.